ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

கடலுக்கும் கரைக்கும் நடுவே கடவுள் சுவர் எதுவும் எழுப்பவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கடலறிவு இணைப்பு மையம் தொடங்கப்பட்டது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் பணியிலிருக்கும் கடல் விஞ்ஞானிகளும் நேருக்கு நேர் சந்தித்துப் பேச வேண்டும் என்பது மையத்தின் நோக்கம். நோக்கத்தை வாசலில் பளிங்கில் வெட்டி வைத்திருந்தார்கள். கட்டடம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கடல் பக்கத்து ஜன்னல்களைத் திறந்தால் உப்புக்காற்று வந்து, சுவரில் மாட்டியிருக்கும் பாராட்டுப் பத்திரங்களின் சட்டம் துருப்பிடிக்கிறது என்று அவற்றை ஆணியடித்து மூடியிருந்தார்கள். தலைமை இணைப்பாளர், துணை இணைப்பாளர், துணைக்குத் துணை, இணைப்புக் கண்காணிப்பாளர் என்று ஆள் மட்டும் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே இருந்தது. இணைப்புதான் நடக்கவில்லை. நல்ல தேதி அமையவில்லை. தேதி அமைந்தபோது சிறப்பு விருந்தினர் அமையவில்லை.

கடைசியில் இரண்டும் அமைந்த நாளில் கொக்கி அங்கே போய்ச் சேர்ந்தாள்.

கொக்கி பதினோராம் வகுப்பு மாணவி. ஒரு கேள்வியைப் பிடித்தால் பதில் வரும்வரை விடமாட்டாள் என்பதால் வகுப்பில் அந்தப் பெயர். பெயரை வைத்த ஆசிரியர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. விழாவுக்கு அவளைத் தேர்ந்தெடுத்ததற்கும் அறிவு காரணமல்ல. புகைப்படத்தில் தலைமை இணைப்பாளரின் தோளுக்குக் கீழே தலை வருகிற மாணவி வேண்டும் என்று மையம் கேட்டிருந்தது. வரிசையில் நிறுத்தி அளந்து பார்த்தபோது கொக்கி சரியாக வந்தாள்.

அவளோடு அவள் அம்மாவும் அதே கட்டடத்துக்கு வந்திருந்தாள். ஆனால் பின்வாசல் வழியாக. அம்மாவுக்குத் தொழில் கடற்பாறையில் சிப்பி பெயர்ப்பது. விருந்தினருக்குச் சிப்பி என்றால் உயிர் என்று யாரோ சொல்லிவிட, சாக்குச் சாக்காகக் கொண்டுவரும்படி மையத்தின் சமையல்காரர் அவளிடம் சொல்லியிருந்தார். விடியும்போது கொக்கியும் உளி எடுத்துக்கொண்டு உதவிக்குப் போனாள். வளைகுடாவின் தண்ணீர் அன்று பழைய தேயிலையைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தாற்போல் பழுப்பாக இருந்தது. பாறை இடுக்கில் சின்ன மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"என்னம்மா தண்ணி இப்படி இருக்கு?"

"எங்கயாவது மழைத்தண்ணி கலந்திருக்கும். பள்ளிக்கூடத்துக் கேள்வியைப் பள்ளிக்கூடத்துல கேளுடி. இப்ப சாக்கைப் பிடி."

அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. தான் தின்னாததை அடுத்தவர் வாயில் வைக்கமாட்டாள். ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து வேகவைத்து, தின்று பார்த்துத்தான் கொடுப்பாள். அன்றும் மையத்தின் பின்கட்டில் அடுப்பு பற்றியதும் முதல் வேலையாக அதைத்தான் செய்தாள்.

முன்கட்டில், மண்டபத்தில், கொக்கியின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். 'கடல் ஏன் உப்பாக இருக்கிறது?' என்று அதில் அச்சிட்டிருந்தது. கொக்கி அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலியாக இருந்தது.

"சார், நான் வேற ஒண்ணு கேக்கலாமா?"

துணை இணைப்பாளர் கெட்டவர் அல்லர். குழந்தைகளிடம் பொறுமையாகப் பேசுகிறவர். "இங்க பாரு பாப்பா. பதில் ஏற்கெனவே வந்தாச்சு. குழு பார்த்து, திருத்தி, கையெழுத்துப் போட்டாச்சு. பதில் தயாரா இருக்கிற கேள்வியைத்தான் நாம கேக்கணும். பதில் தெரியாததைக் கேட்டா விஞ்ஞானி யோசிக்க வேண்டியிருக்கும். மேடையில விஞ்ஞானி யோசிச்சா பார்க்க நல்லா இருக்குமா?"

மண்டபத்தின் நடுவே குறுக்காக ஒரு நீல ரிப்பன் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் மாணவர்கள், அந்தப் பக்கம் விஞ்ஞானிகள். சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பனை வெட்டும்வரை இரு தரப்பும் பேசக் கூடாது. கண்டிப்பாகச் சிரிக்கக் கூடாது. முன்கூட்டியே பேசிவிட்டால் இணைப்பு நடந்துவிடும், நடந்ததை எப்படித் தொடங்கிவைப்பது என்பது மையத்தின் கவலை.

அந்தப் பக்கம் மூன்று விஞ்ஞானிகள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாமவர் கடலைப் பற்றிய குழுக்களில் இருந்து இருந்தே தலை நரைத்தவர்; கடலைப் பார்க்க நேரம் ஒதுக்க இயலாதவர். இரண்டாமவர் மீன்பதனக் கிடங்கு ஒன்றின் மேலாளர். எண்ணிக்கைக்காகக் கூட்டி வந்திருந்தார்கள். மூன்றாவது ஒரு பெண். கால்சட்டை முழங்கால்வரை நனைந்து, செருப்பில் சேறு அப்பி, பாறையிலிருந்து நேரே வந்தவள்போல இருந்தாள். நேரே அங்கிருந்துதான் வந்திருந்தாள். பார்க்க விஞ்ஞானி மாதிரி இல்லை என்று மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு ஒன்றை மாட்டி, கடைசி நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவள் கையோடு கொண்டுவந்த பழுப்புத் தண்ணீர்ப் புட்டியைக் காவலாளி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். மண்டபத்துக்குள் திரவப் பொருள் கூடாது.

அந்தப் பெண் தலைமை இணைப்பாளரிடம் எதையோ சொல்ல முயன்றுகொண்டிருந்தாள். வளைகுடாத் தண்ணீர் என்ற சொல் மட்டும் கொக்கியின் காதில் விழுந்தது. அவர் கையை உயர்த்தி அமர்த்தினார். அவள் பேச வேண்டிய இடம் நிகழ்ச்சியில் நன்றியுரைக்கு முன்னால் வருகிறது என்றும், அப்போதுகூட அவள் உப்பைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றும் நினைவூட்டினார்.

விருந்தினர் வரவில்லை. அவருடைய கார் வந்திருந்தது. பெரிய மனிதர்களுக்கு முன்னால் கார் வந்துவிடும். மனிதர் பிறகு வேறொரு காரில் வருவார் என்று காவலாளி விளக்கினார். வெறும் காரை எப்படி வரவேற்பது என்று சிறிது குழம்பியபின், தலைமை இணைப்பாளர் பின்கதவைத் திறந்து காலி இருக்கையில் பூங்கொத்தை வைத்தார். கைதட்டச் சொன்னார்கள். கொக்கியும் தட்டினாள். ஓட்டுநர் உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு கொக்கி பின்கட்டுக்கு ஓடினாள். அம்மா குவியலுக்கு முன்னால் குந்தி, ஓடு நீக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள் விரல் போகிற வேகத்துக்குக் கண் போகாது. இன்று கத்தி இரண்டு தடவை நழுவியது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. உதடு லேசா மரத்த மாதிரி இருக்கு."

"வாய் மரத்துப்போனா உங்க வீட்டுக்காரர் பிழைச்சாரு, அக்கா" என்றார் சமையல்காரர், கரண்டியால் பெரிய பாத்திரத்தைக் கிளறியபடி. அம்மா சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கமாக மட்டும் வந்தது. கொக்கி சிப்பிக் குவியலைப் பார்த்தாள்.

"சிப்பியாலயா? காலையில தண்ணி அப்படி இருந்துச்சே."

"கொதிக்க வெச்சா எமனே செத்துடுவான். இது சிப்பி" என்றார் சமையல்காரர். துணை இணைப்பாளர் தர ஆய்வு செய்ய வந்து ஒன்றுக்கு இரண்டாக ருசி பார்த்துவிட்டு, பேஷ் என்று சொல்லிப் போயிருந்ததையும் சான்றாகச் சொன்னார்.

அம்மா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, காலையில் குளிர்ந்த தண்ணீரில் நின்றதால் இருக்கும் என்றாள். கொக்கி டாக்டரிடம் போகலாம் என்றாள். விருந்தை நட்டாற்றில் விட்டுவிட்டா என்று அம்மா கேட்டாள்.

தண்ணீர், மீன், சிப்பி, உதடு. கொக்கியின் மனதில் நான்கும் ஒரே நூலில் கோர்த்தாற்போல் ஆடின, முடிச்சுதான் தெரியவில்லை. முடிச்சு தெரிந்தவள் மண்டபத்தில் கடைசி நாற்காலியில் இருக்கிறாள் என்று மட்டும் தோன்றியது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிடத்தான் கூடாது.

திரும்பி வந்தபோது துணை இணைப்பாளர் ரிப்பன் கம்பத்தருகே நின்று உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கொக்கி அவரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். அவர் துணைக்குத் துணையிடம் அனுப்பினார். துணைக்குத் துணை கண்காணிப்பாளரிடம் அனுப்பினார். உணவு சம்பந்தப்பட்ட கேள்வி சமையற்கூடத்தைச் சேர்ந்தது, கடல் சம்பந்தப்பட்டது விஞ்ஞானியைச் சேர்ந்தது, இரண்டும் கலந்த கேள்வி யாரையும் சேராது என்று கண்காணிப்பாளர் தீர்ப்புச் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல், அட்டையில் இல்லாததைக் கேட்கும் மாணவியை மேடையேற்றலாமா என்று அவர்களுக்குள் ஒரு விவாதம் வேறு தொடங்கிவிட்டது.

அதற்குள் ஒத்திகை ஆரம்பித்தது. தலைமை இணைப்பாளர் ஒலிவாங்கி முன்னால் நின்று காலி நாற்காலியைப் பார்த்து வருக வருக என்றார். பிறகு உருக்கமாகப் பேசினார்.

"நண்பர்களே, ஒரு குழந்தைக்குக் கேள்வி வருகிறது. விஞ்ஞானியிடம் பதில் இருக்கிறது. இவை இரண்டும் கண்டபடி சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒழுங்கு இருக்குமா? பதிவு இருக்குமா? கடற்கரையில் போகிற வருகிற எவரும் எவரையும் கேட்டுவிடலாம் என்ற நிலை வந்தால், இந்த மண்டபம் எதற்கு, நாற்காலி எதற்கு, அடியேன்தான் எதற்கு? ஆகவேதான் சொல்கிறேன்: நாங்கள் நடுவில் நிற்கிறோம். என்றும் நிற்போம்."

கைதட்டல் அடங்கியதும் கொக்கியின் முறை. ஒலிவாங்கிக்கு மேலே ரிப்பன் தெரிந்தது. ரிப்பனுக்கு அப்பால் சேறு காய்ந்த செருப்பு தெரிந்தது.

"கடல் ஏன்" என்று தொடங்கினாள். அப்புறம் அட்டையைக் கீழே போட்டாள். "மேடம், தண்ணி பழுப்பா இருந்தப்போ எடுத்த சிப்பியை வேகவெச்சுச் சாப்பிட்டா, உதடு மரத்துப்போகுமா?"

தலைமை இணைப்பாளர் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"எங்க எடுத்தது?"

"வளைகுடாப் பாறையில. இன்னைக்குக் காலையில."

"யார் சாப்பிட்டாங்க?"

"எங்கம்மா. விரல்லயும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். பின்னாடிதான் இருக்காங்க."

"அம்மணி, ரிப்பன்" என்றார் தலைமை இணைப்பாளர்.

அந்தப் பெண் ரிப்பனைப் பார்க்கவே இல்லை. நேராக நடந்தாள். விழாவுக்கென்று சிறப்பாக வாங்கிய தரமான ரிப்பன், அறுந்துபோக மறுத்தது. அவள் இடுப்பில் மாட்டி, இழுபட்டு, இரண்டு பக்கக் கம்பங்களையும் சாய்த்து, கடகடவென்று கூடவே வந்தது. வெள்ளைக் கோட்டும் நீல ரிப்பனும் பின்னால் உருளும் கம்பங்களுமாக ஒரு கடல் விஞ்ஞானி மண்டபத்தைக் கடந்து போனாள். மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து கைதட்டினார். இது நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்திருப்பார்.

பின்கட்டில் அம்மா இன்னும் குந்தியேதான் இருந்தாள். விஞ்ஞானி அவள் முன்னால் மண்டியிட்டு, கையைப் பிடித்து அழுத்தச் சொன்னாள். அம்மா அழுத்தினாள். விஞ்ஞானியின் முகம் மாறியது.

"அக்கா, எத்தனை சாப்பிட்டீங்க?"

"ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு பிடி." அம்மாவின் நாக்கு குழறியது. "எப்பவும் பண்றதுதாம்மா."

"யாரும் இதைத் தொடக் கூடாது. பாத்திரத்தை இறக்குங்க."

சமையல்காரர் கரண்டியைக் கேடயம்போல் பிடித்தார். அடுப்பு பற்றியதிலிருந்து கொதிக்கிறதே என்றார்.

"கொதிச்சாக் கிருமி சாகும். இது கிருமி இல்ல, விஷம். கல்லை வேகவெச்சாப் பஞ்சாகுமா? தண்ணிக்கு அந்த நிறம் கொடுத்தது ஒரு நுண்பாசி. சிப்பி அந்தத் தண்ணியை உறிஞ்சி உறிஞ்சி விஷத்தைத் தனக்குள்ள சேர்த்து வெச்சுக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது. தின்னவங்களுக்கு மூச்சு நிக்கும். காலையிலிருந்து இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இங்க சிப்பி வேகுதுன்னு எனக்கு யாரும் சொல்லல."

அதற்குள் தலைமை இணைப்பாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சூழ்நிலையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். ரிப்பன் கசங்கியிருந்தது.

"அம்மணி, உங்க நிபுணத்துவத்தை நான் மதிக்கிறேன். ஆனா நிகழ்ச்சி இன்னும் தொடங்கல. தொடங்காத நிகழ்ச்சியில சொன்ன பதில் செல்லாது. விருந்து அட்டை அச்சாகி மேசைக்கு மேசை வெச்சாச்சு. சிப்பின்னு போட்டிருக்கு. விஷம்னு நீங்க சொல்றதா இருந்தா, அதை விருந்தினர் முன்னாடி, ரிப்பன் வெட்டினதுக்கு அப்புறம், முறையாச் சொல்லுங்க. அதுவரைக்கும் இது சிப்பிதான்."

"அதுவரைக்கும் இவங்க மூச்சு நிக்காம இருக்கணுமே."

"அதுக்காகத்தான் இப்பவே ஒரு அவசரக் கூட்டம்" என்று அவர் சமையற்கூடத்தைச் சுற்றிப் பார்த்து, நாற்காலிகள் கொண்டுவரச் சொன்னார்.

அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். அவளுக்குக் கூட்டம் புரியவில்லை. விஷம் என்ற சொல் புரிந்தது. தட்டுத் தடுமாறி அடுப்படிக்குப் போனாள். "என் கையால வந்தது. என் கையாலயே போகட்டும்" என்று சொன்னாள், பாதிதான் தெளிவாக வந்தது. பாத்திரத்தை முழு உடம்பாலும் சாய்த்தாள். ஆவி பறக்கச் சிப்பிகள் தரையெங்கும் சிதறின. தலைமை இணைப்பாளர் துள்ளி நகர்ந்து பளபளக்கும் காலணியைக் காப்பாற்றிக்கொண்டார். பாத்திரம் உருண்டு நின்றபோது அம்மாவின் முழங்கால் மடங்கியது. கொக்கி தாங்கிப் பிடித்தாள்.

ஆம்புலன்ஸ் ஊரின் மறுகோடியிலிருந்து வர வேண்டும் என்று போனில் சொன்னார்கள். முன்வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. விஞ்ஞானியும் கொக்கியும் அம்மாவை இருபுறமும் தாங்கி அங்கே கொண்டுபோனார்கள்.

"இது விருந்தினர் வண்டி" என்றார் ஓட்டுநர். "அவர் ஒருத்தருக்குத்தான் கதவைத் திறக்கணும்னு உத்தரவு."

"அவர் எங்க?"

"இன்னும் வீட்டைவிட்டே கிளம்பல."

ஓட்டுநர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு இறங்கி, பின்கதவைத் திறந்து, பூங்கொத்தை எடுத்து வாசல்படியில் வைத்தார். அவர்கள் ஏறி உட்கார்ந்தபோது முன்கதவும் திறந்தது. யாரும் அழைக்காமலே துணை இணைப்பாளர் ஏறி உட்கார்ந்தார். உதட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கார் பறந்தது. அம்மாவின் தலை கொக்கியின் தோளில் இருந்தது. விஞ்ஞானி ஒரு கையால் அம்மாவின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, மறுகையால் போனில் ஆஸ்பத்திரியோடு பேசினாள்: சிப்பி விஷம், மாற்று மருந்து கிடையாது, செயற்கை மூச்சு தயாராக இருக்கட்டும். போனை வைத்ததும் கொக்கி கேட்டாள்.

"எங்கம்மா பிழைப்பாங்களா?"

"மூச்சை நாம பார்த்துக்கிட்டா, விஷத்தை உடம்பே வெளிய தள்ளிடும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கணும். அவங்களைப் பேச வெச்சுக்கிட்டே இரு. தூங்க விடாதே."

"என்ன பேச?"

"எது வேணாலும். உனக்குத்தான் கேள்வி வருமே."

கொக்கி பேசினாள். அம்மாவிடம் கேட்டாள், விஞ்ஞானியிடம் கேட்டாள். சிப்பிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை, தண்ணீர் எப்போது தெளியும், அந்தப் பாசியைப் பார்க்க முடியுமா, மிதந்த மீன்கள் இதனால்தான் செத்தனவா. ஒரு கேள்விக்கு விஞ்ஞானி வெளியே பார்த்து நெடுநேரம் யோசித்துவிட்டு, தெரியல என்றாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முன்சீட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மேடம், ரெண்டே ரெண்டு தின்னவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

அந்தக் கேள்விக்கு அட்டை அச்சாகியிருக்கவில்லை. விஞ்ஞானி பின்னாலிருந்தே அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, பயப்படாதீங்க என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவின் மூச்சு நூலாக இழைந்துவிட்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுபோனார்கள். கொக்கி வெளியே நின்றாள். உள்ளே இயந்திரம் அம்மாவுக்காக மூச்சு விட்டது. விஞ்ஞானியும் அவள் பக்கத்தில் நின்றாள். ரிப்பன் இன்னும் இடுப்பில் இருந்தது. இடையில் தலைமை இணைப்பாளர் போன் செய்தார். விருந்தினர் வந்துவிட்டார், வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, ரிப்பனையாவது உடனே திருப்பி அனுப்பவும் என்றார். அம்மாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேள்வி கேட்பது மாணவர்கள் பகுதி.

மறுநாள் பகலில் அம்மா தானாக மூச்சு விட்டாள். கண்ணைத் திறந்ததும் முதல் வார்த்தையாக, பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாச்சா என்று கேட்டாள். கொக்கி அப்போதுதான் அழுதாள்.

வளைகுடாவில் தண்ணீர் தெளிந்தபின் மையம் மீண்டும் விழா வைத்தது. முதல் முயற்சி முறையாகத் தொடங்காததால் அது நடக்கவில்லை என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை ரிப்பனுக்குப் பதில் தடித்த பட்டுக் கயிறு. கம்பங்களைத் தரையில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். துணை இணைப்பாளர் மருத்துவ விடுப்பில் இருந்தார். உயரத்துக்குப் பொருந்தும் வேறு மாணவி கிடைக்காததால் கொக்கியையே கூப்பிட்டிருந்தார்கள். பின்வாசல் வழியாக வந்து பழகிய அம்மா, அன்று முன்வாசல் வழியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

கொக்கி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். விஞ்ஞானி அந்தப் பக்கம், அதே வெள்ளைக் கோட்டில். புகைப்படக்காரர் இருவரையும் நெருக்கி நிறுத்தி, முதல் தடவை பார்க்கிற மாதிரி வியப்பாகப் பாருங்கள் என்றார். இருவரும் வியப்பாகப் பார்த்தார்கள்.

"அம்மா இப்ப நல்லாச் சாப்பிடுறாங்களா?" என்று விஞ்ஞானி உதடு அசையாமல் கேட்டாள்.

"சிப்பி மட்டும் வேணாங்கிறாங்க" என்றாள் கொக்கி, அதே மாதிரி.

தலைமை இணைப்பாளர் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி விருந்தினரிடம் நீட்டினார். பிறகு ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, குரல் தழுதழுக்கச் சொன்னார்.

"இதோ நிற்கிறார்களே இந்த மாணவியும் இந்த விஞ்ஞானியும், இந்த நொடிவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள்."

கடைசி வரிசையில் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பு இரண்டு பக்கமும் வந்தது.